பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு வேறு

ஒரு தாய் வயிற்றில் பிறந்த நாலு சகோதரிகள். மூத்தவளைப் பக்கத்துத் தெருவிலேயே கொடுத்தாயிற்று. அடுத்தவள் செங்கோட்டைக்குப் போனாள், மூன்றாமவள் சென்னைக்கு, கடைக்குட்டி டில்லிக்கு. பத்து வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் நால்வரும் ஒன்று சேர்ந்தால் பார்க்க வேண்டுமே! ஒருத்தி நிதானமாகப் பேசுவாள். ஒருத்தி ரயிலைப் பிடிக்கிறவள் மாதிரி படபடப்பாள். ஒருத்தி வாயைத் திறப்பதே அபூர்வம். பிறந்த வீடு ஒன்றுதான். புகுந்த வீடு வேறு வேறு. ஆகவே நடையும் பேச்சும் வேறு வேறு.

நான் இந்த வாரம் சொல்ல வந்தது கல்யாண சமாசாரம் அல்ல, மூளை சமாசாரம். நம் தலைக்குள்ளேயும் இப்படிச் சகோதரிகள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரே இடத்தில், தோளோடு தோள் உரசிக் குடியிருக்கும் நரம்புச் செல்கள், தாம் எந்த ஊருக்குச் செய்தி அனுப்புகின்றனவோ அந்த ஊருக்கு ஏற்றபடி வெவ்வேறு குணத்தோடு இருக்கின்றன. இது ஏதோ ஆராய்ச்சிக்கூடத்துக்கு மட்டும் வேண்டிய விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டில் பக்கவாதத்தில் படுத்து எழுந்தவர்கள் யாராவது இருந்தால், அவர்களைப் பற்றி நாம் எண்ணுகிற எண்ணமே இதைத் தெரிந்துகொண்டால் மாறிவிடும்.

ஆறு மாடி வீடு

மனித மூளையில் நரம்புச் செல்கள் சுமார் 8,600 கோடி. அவற்றில் சுமார் 1,600 கோடி, பெருமூளையின் மேல் தோல் போன்ற புறணியில் இருக்கின்றன. சாத்துக்குடிக்குத் தோல் இருப்பதுபோல் பெருமூளைக்கு இந்தப் புறணி. அதன் கனம் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். ஆனால் அதற்குள் ஆறு அடுக்குகள். ஆறு மாடி வீடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். நாம் பார்ப்பது, கேட்பது, நினைப்பது, கையை நீட்டுவது எல்லாவற்றுக்கும் இந்த வீட்டில் பங்கு உண்டு.

1874-இல் கீவ் நகரத்தில் விளாதிமிர் பெட்ஸ் என்பவர் இந்தப் புறணியை மெல்லிய சீவலாகச் சீவி, சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடியில் பார்த்தார். கை கால்களை ஆட்டுவிக்கும் பகுதியில், ஐந்தாவது மாடியில், மற்றச் செல்களுக்கு நடுவே சில ராட்சசச் செல்கள் கோபுரம்போல் நிற்பதைக் கண்டார். அவற்றில் பெரியவை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். செல்களின் உலகத்தில் அது யானை அளவு. அவருடைய பெயராலேயே இன்றைக்கும் அவற்றை பெட்ஸ் செல்கள் என்கிறார்கள்.

இவை ஏன் இவ்வளவு பெரியவை? போக வேண்டிய தூரம் அப்படி. ஒவ்வொரு நரம்புச் செல்லும் தன் உடம்பிலிருந்து மெல்லிய இழை ஒன்றை நீட்டி, அதன் வழியாகத்தான் செய்தி அனுப்புகிறது. காலை அசைக்கும் பெட்ஸ் செல்லின் இழை தலையிலிருந்து கிளம்பி, கழுத்தைத் தாண்டி, முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்தின் வழியே இடுப்பு மட்டத்துக்கு இறங்குகிறது. ஒரே செல்லின் இழை, ஒரு முழத்துக்கும் மேல் நீளம்!

நாலு சம்பந்தி வீடுகள்

ஐந்தாவது, ஆறாவது மாடிகளில் குடியிருக்கும் செல்களின் விலாசங்களை மட்டும் பார்ப்போம்.

சில செல்கள் வாசற்படியைத் தாண்டுவதில்லை. அக்கம்பக்கத்தோடு அவற்றின் பேச்சு முடிந்துவிடும். சில, மூளையின் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குச் செய்தி அனுப்புகின்றன. இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஒரு பாலம் இருக்கிறது. அதில் சுமார் 20 கோடி இழைகள் குறுக்கே ஓடுகின்றன. வேறு சில செல்கள் தலாமஸ் என்ற இடத்துக்கு அனுப்புகின்றன. கண்ணும் காதும் தோலும் அனுப்பும் செய்திகளைப் புறணிக்கு ஏற்றிவிடும் ஜங்ஷன் அது. கடைசியாகத் தண்டுவடத்துக்குப் போகிறவை. ஒவ்வொரு பக்கமும் சுமார் 10 லட்சம் இழைகள் இப்படி இறங்குகின்றன. பத்தில் சுமார் ஒன்பது பங்கு இழைகள் கழுத்துக்கு மேலே, முகுளத்தில், எதிர்ப்பக்கம் தாண்டிவிடுகின்றன. இடது மூளையில் கோளாறு என்றால் வலது கை விழுவது இதனால்தான்.

இனி இவர்களுடைய குணத்தைக் கேளுங்கள்.

நரம்புச் செல் செய்தி அனுப்புவது மின்துடிப்பால். செல்லின் மேல்தோலில் மிகச் சிறிய கதவுகள் இருக்கின்றன. ஒரு வகைக் கதவு திறந்தால் சோடியம் உள்ளே பாய்கிறது. நம் சமையல் உப்பில் இருக்கும் அதே சோடியந்தான். இன்னொரு வகை திறந்தால் பொட்டாசியம் வெளியே போகிறது. இளநீரில் நிறைய இருக்கிறதே, அது. உப்பு உள்ளே வந்தால் துடிப்பு எழும். பொட்டாசியம் வெளியே போனால் அடங்கும். எல்லாச் செல்லுக்கும் இதுதான் அடிப்படை. ஆனால் எந்தக் கதவு எத்தனை, எது எவ்வளவு சீக்கிரம் திறந்து மூடும் என்பதில்தான் வித்தியாசம்.

தண்டுவடத்துக்குப் போகிறவள் அவசரக்காரி. அவளுடைய பொட்டாசியக் கதவுகளில் சட்டென்று திறந்து சட்டென்று மூடும் ரகம் அதிகம். அதனால் ஒரு துடிப்பு மிகக் குறுகலாக, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். உடனே அடுத்ததற்குத் தயார். தடித்த இழைகளில் செய்தி விநாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் ஓடும். மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல்! விடாமல் தூண்டினால் சளைக்காமல் ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருப்பாள். இன்னொரு விசேஷம்: செல் அளவுக்கு மீறி அடங்கிப் போனால் தானாகத் திறந்து அதை மீண்டும் தூக்கி நிறுத்தும் ஒரு வகைக் கதவும் இவளிடம் அதிகம். தூங்கி வழிகிறவரை முழங்கையால் இடித்து உட்கார வைக்கிறோமே, அதுபோல.

மறு பாதிக்குச் செய்தி அனுப்புகிறவள் வேறு மாதிரி. தூண்டியவுடன் படபடவென்று நாலு வார்த்தை சொல்வாள். தூண்டுதல் அப்படியே நீடித்தால், 'அதுதான் சொல்லிவிட்டேனே' என்பதுபோல் நிதானமாகிவிடுவாள். புதிதாக என்ன நடந்தது என்று சொல்வதில் அவளுக்கு அக்கறை. நடப்பதையே திரும்பத் திரும்பச் சொல்வதில் இல்லை.

தலாமஸுக்குப் போகிறவளோ மௌனி. முயல்களில் இந்தச் செல்களைக் கேட்டுப் பார்த்தவர்கள், இவற்றில் பல நெடுநேரம் வாயே திறப்பதில்லை என்று கண்டார்கள். சிலவற்றின் இழையில் செய்தி விநாடிக்கு ஒரு மீட்டர்கூட நகர்வதில்லை. நாம் கடைத்தெருவுக்கு நடந்து போகும் வேகத்தைவிட அது குறைவு.

ஒரே வீடு, பக்கத்துப் பக்கத்து அறை. ஒருத்தி எக்ஸ்பிரஸ், ஒருத்தி கால்நடை!

மணியை அழுத்திக் கண்டுபிடித்தார்கள்

ஒரு செல்லைப் பார்த்து, 'நீ எந்த ஊர்க்காரி?' என்று எப்படிக் கேட்பது? இழைகளோ சிக்குண்ட நூல்கண்டு மாதிரி பின்னிக் கிடக்கின்றன. அதற்கு விஞ்ஞானிகள் ஓர் எளிய தந்திரம் செய்தார்கள். ஒரு பெரிய வீட்டில் வாசல் மணியின் கம்பி எந்த அறைக்குப் போகிறது என்று தெரியாவிட்டால் என்ன செய்வோம்? வாசலில் ஒருவர் மணியை அழுத்துவார். உள்ளே ஒருவர் எங்கே சத்தம் கேட்கிறது என்று பார்ப்பார். அதேபோல, தண்டுவடத்துக்கு இறங்கும் இழைகளைக் கீழே ஓரிடத்தில் மின்சாரத்தால் தொட்டார்கள். துடிப்பு பின்னோக்கி ஏறி எந்தச் செல்லில் கேட்கிறதோ, அது தண்டுவடத்துக்காரி!

இங்கிலாந்தில் பிலிப்ஸ் என்பவர் 1956-இல் இந்த முறையில் பூனையின் பெட்ஸ் செல்களுக்குள்ளேயே நுண்ணிய கண்ணாடி ஊசியைச் செலுத்தி அவற்றின் துடிப்பைப் பதிவு செய்தார். 1965-இல் தகாஹாஷி என்ற ஜப்பானியர், தண்டுவடத்துக்குப் போகும் செல்களுக்குள்ளேயே இரண்டு ஜாதி உண்டு என்று காட்டினார். வேகமான இழை உடையவற்றின் துடிப்பு குறுகல். மெதுவான இழை உடையவற்றின் துடிப்பு அகலம்.

1970-களின் தொடக்கத்தில் இன்னொரு வழி வந்தது. அதற்கு உதவியது சமையலறைச் சரக்கு! மேல்நாட்டார் துவையல்போல் அரைத்துச் சாப்பிடும் காரமான கிழங்கு ஒன்று உண்டு. குதிரை முள்ளங்கி என்பார்கள். அதிலிருந்து எடுத்த ஒரு நொதியை இழையின் கடைசி நுனியில் விட்டால், செல் அதை உறிஞ்சித் தன் வீடு வரைக்கும் எடுத்துப் போய்விடுகிறது. பிறகு சாயம் ஏற்றினால், அந்த ஊருக்கு இழை அனுப்பிய செல்கள் மட்டும் நிறம் காட்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. குறுகலான துடிப்பைக் கேட்டால், 'அக்கம்பக்கத்தை அடக்கி வைக்கும் சின்னச் செல் இது' என்று முடிவு கட்டுவது ஆராய்ச்சியாளர்களிடம் நெடுநாள் பழக்கம். குரங்கின் தண்டுவடச் செல்களை 2011-இல் மணியழுத்தும் முறையில் சோதித்தபோது, அவற்றிலும் பல அதே குறுகலான துடிப்பு உடையவை என்று தெரிந்தது. குரலை மட்டும் கேட்டு ஆளைத் தீர்மானிக்கக் கூடாது என்பது தலைக்குள்ளும் உண்மைதான்.

இலத்தூரில் ஒரு வழக்கு

இந்தக் கதையெல்லாம் எனக்கு வெறும் புத்தகச் சமாசாரமாக இருந்தது, தென்காசிக்குப் பக்கத்தில் இலத்தூருக்கு ஒரு சாரல் காலத்தில் போகும் வரைக்கும். அங்கே எனக்குப் பெரியம்மை முறையாக வேண்டியவர், முந்திய வருஷம் வலது பக்கம் விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து எழுந்தவர். பேச்சில் குறையில்லை, நடமாட்டமும் வந்துவிட்டது. வீட்டில் மட்டும் ஒரு சிறு மனத்தாங்கல்.

"தம்பி, நீ படிச்சவன்லா, நீயே சொல்லு" என்று மதினி ஆரம்பித்தாள். "அத்தை அந்தக் கையாலதான் செம்பைத் தூக்குதாக. கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுப் படி எறங்குதாக. ஒரு முழம் பிச்சி கட்டச் சொன்னா மட்டும் வரல்லேங்காக. மனசு வச்சா முடியாமலா போகும்?"

பெரியம்மை கோபப்படவில்லை. மடியில் வாழைநாரும் பூவும் கிடந்தன. "மனசு இருக்குய்யா. விரல்தான் கேக்க மாட்டேங்கு" என்றாள்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பெரியம்மை சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அதை எப்படி விளக்குவது?

செங்கோட்டைக்கு மேற்கே மலைகளுக்கு நடுவே ஆரியங்காவுக் கணவாய் இருக்கிறதல்லவா? இந்தப் பக்கம் எத்தனை ஊர்களிலிருந்து சரக்கு வந்தாலும் கொல்லத்துக்குப் போக அந்தக் குறுகிய வழியில்தான் நுழைய வேண்டும். மூளைக்குள்ளும் அப்படி ஒரு கணவாய் உண்டு. புறணியில் விசாலமாகப் பரந்து கிடக்கும் செல்களின் இழைகள் எல்லாம் நெருங்கி, ஒரு கட்டாக, அதன் வழியே இறங்குகின்றன. அங்கே ஒரு சின்ன ரத்தக் குழாய் அடைத்து, பயறு அளவு இடம் கெட்டுப் போனாலும் போதும். பாதி உடம்பு விழுந்துவிடும். மேலே புறணியில் எண்ணம் முழுசாக இருக்கும், வழிதான் அடைபட்டது.

சரி, அப்படியானால் செம்பைத் தூக்குகிற பலம் எப்படித் திரும்பி வந்தது? செங்கோட்டை–புனலூர் ரயில் பாதையை அகலப் பாதையாக்க 2010-இல் நிறுத்தினார்கள். 2018-இல்தான் ரயில் முழுவதும் திரும்ப ஓடியது. நடுவே எட்டு வருஷம் ஜனங்கள் கொல்லம் போகாமலா இருந்தார்கள்? பஸ்ஸில் போனார்கள். மூளையிலும் தண்டுவடத்துக்கு வேறு பழைய சாலைகள் இருக்கின்றன. மூளைத் தண்டிலிருந்து கிளம்பும் அந்தச் சாலைகள், உடம்பை நிமிர்த்துவது, நடப்பது, கையை மடக்கி இறுகப் பிடிப்பது போன்ற மொத்த வேலைகளைச் செய்யக் கூடியவை. நேர் வழி கெட்டுப் போன குரங்குகளில் இந்தப் பழைய சாலைகள் பலம் பெற்று, விரல்களை மடக்கும் தசைகளுக்கு உதவுவதைப் பார்த்திருக்கிறார்கள். விரல்களை விரிக்கும் தசைகளுக்கு அவ்வளவு உதவி கிடைப்பதில்லை. பிடிக்க வருகிறது, விட வரவில்லை என்று நோயாளிகள் சொல்வதற்கும் இதுவே ஒரு காரணம்.

ஆனால் பூக்கட்டுவது மொத்த வேலை அல்லவே! நாரை ஒரு விரல் இழுக்க, இன்னொரு விரல் காம்பை அமுக்க, மூன்றாவது விரல் சும்மா விலகி நிற்க வேண்டும். விரல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து வேலை செய்வது புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு நேராக வருகிற அந்த அவசரக்காரிகளின் தனி வித்தை.

இதற்குச் சாட்சி சொன்னவையும் குரங்குகள்தாம். 1968-இல் லாரன்ஸ், கைபர்ஸ் என்ற இருவர், புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இந்தப் பாதை மட்டும் துண்டிக்கப்பட்ட குரங்குகளைக் கவனித்து எழுதினார்கள். அவை சில வாரங்களில் ஓடின, ஏறின, கம்பியைப் பற்றித் தொங்கின. பார்க்கிறவர்களுக்குக் குறையே தெரியாது. ஆனால் பலகையில் ஒரு சின்னக் குழி தோண்டி அதில் தின்பண்டம் வைத்தால், கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் மட்டும் விட்டு எடுக்க முடியவில்லை. கை முழுவதும் ஒன்றாகத்தான் மூடியது.

1983-இல் மூர், லெமன் என்ற இருவர் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டார்கள். விரல் தசையோடு நேரடித் தொடர்பு உள்ள சில புறணிச் செல்களைக் குரங்கு விழித்திருக்கும்போதே கேட்டுப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பொருளை இரு விரல் நுனியால் கிள்ளி எடுக்கும்போது அவை உற்சாகமாகத் துடித்தன. அதே தசையைக் கொண்டு ஒரு தடியை இறுகப் பற்றும்போது, தசை இன்னும் அதிகமாக உழைத்தும், அவை பெரும்பாலும் வாய் மூடிக்கொண்டன! தசை ஒன்றுதான், கிள்ளுவதற்குக் கட்டளை கொடுப்பவள் ஒருத்தி, பற்றுவதற்கு வேறொருத்தி.

ஆகவே, 'செம்பைத் தூக்குகிறாயே, பூக்கட்டினால் என்ன?' என்று கேட்பது, 'பஸ்தான் ஓடுகிறதே, ரயிலில் வந்தால் என்ன?' என்று பாதை மூடியிருந்த நாளில் கேட்பதற்குச் சமம். இதைச் சொன்னபோது மதினி சற்று நேரம் பேசவில்லை. பிறகு பெரியம்மை மடியிலிருந்த பூவை எடுத்து, உதிரிகளை மட்டும் அவர் முன்னே வைத்து, "அத்தை, நீங்க ஒவ்வொண்ணா எடுத்துக் குடுங்க. நான் கட்டுதேன்" என்றாள். எந்த டாக்டரும் சொல்லிக் கொடுக்காத பயிற்சி. ஆனால் எந்த டாக்டரும் குறை சொல்ல மாட்டார்.

ஜாதகமா, சகவாசமா?

இனி ஒரு கேள்வி. சகோதரிகள் விஷயத்தில் குணம் புகுந்த வீட்டால் வந்தது என்றோம். நரம்புச் செல்லுக்கும் அப்படித்தானா, அல்லது முன்பே எழுதி வைத்திருக்கிறதா?

இங்கே உவமை கொஞ்சம் இடறுகிறது. எலிகளில் பார்த்ததில், எந்தச் செல் தண்டுவடத்துக்குப் போக வேண்டும் என்பதை நிச்சயிக்கும் ஒரு ஜீன் இருக்கிறது. அந்த ஜீன் இல்லாமல் பிறந்த எலிகளுக்குப் புறணியிலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் செல்களே உருவாவதில்லை என்று 2005-இல் தெரிந்தது. 2013-இல் ஜெனீவாவில் இன்னும் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். வாசற்படி தாண்டாத நாலாவது மாடிச் செல்களுக்குள், அவை இளசாக இருக்கும்போதே, அந்த ஜீனை வேலை செய்ய வைத்தார்கள். அவற்றின் உருவம், துடிக்கும் விதம், உறவு எல்லாமே ஐந்தாவது மாடிக்காரிகளைப்போல் மாறத் தொடங்கின! போகும் ஊரும் குணமும் ஒரே ஜாதகத்தில் சேர்த்து எழுதப்பட்டவை என்று அர்த்தம்.

ஆனால் ஜாதகமே எல்லாம் அல்ல. குட்டி எலியில் பார்வைக்கு உரிய புறணிச் செல்கள்கூட முதலில் தண்டுவடப் பாதைக்கு இழை அனுப்பிப் பார்க்கின்றன. வளர வளர, தேவையில்லாத அந்த இழைகளைத் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. 1982-இல் அமெரிக்காவில் இதைக் கண்டறிந்தார்கள். முதலில் தாராளம், பிறகு சிக்கனம்: அதுதான் மூளை கட்டும் முறை.

மனிதக் குழந்தைக்கு இந்த வேலை கர்ப்பத்திலேயே ஆரம்பமாகிவிடுகிறது. சுமார் 24 வாரத்துக்குள் புறணியின் இழைகள் கழுத்துத் தண்டுவடத்தை எட்டிவிடுகின்றன. ஆனால் இழை போய்ச் சேர்ந்தால் போதாது. உறவு பலப்பட வேண்டும், இழைக்குக் கொழுப்பு உறை ஏற வேண்டும். உங்கள் குழந்தை ஒன்பது, பத்து மாதத்தில் தரையில் கிடக்கும் ஒற்றைப் பருக்கையைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளி எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும்போது, 'ஐயோ, அழுக்கு!' என்று ஓடுகிறீர்களே, ஓடுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணத்தில் அந்த அவசரக்காரிகள் வேலைக்கு வந்துவிட்டார்கள் என்பதையும் நினைத்துச் சந்தோஷப்படுங்கள். அதற்கு முன்பு குழந்தை உள்ளங்கை முழுவதையும் கொண்டுதானே எதையும் அள்ளிற்று?

இந்தக் கர்ப்பகால மூளையைச் செல் செல்லாகப் படம் எடுக்கும் வேலையில் நம் சென்னைக்கும் ஒரு பெருமை உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் 2022-இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆராய்ச்சி மையம், கருவில் இருக்கும் மனித மூளையின் 5,132 சீவல்களைப் படமாக்கி, 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகத்தார் யாரும் பார்க்கும்படி வெளியிட்டது. கீவில் பெட்ஸ் ஒரு பூதக்கண்ணாடியோடு தொடங்கிய காரியம் அடையாற்றின் கரைக்கு வந்திருக்கிறது.

விலாசம் பார்த்து வரும் வியாதி

குணம் வேறு என்றால் நோயும் வேறாக வருமா? வரும். சில வியாதிகள் மூளையை மொத்தமாகத் தாக்குவதில்லை. விலாசம் பார்த்துத் தாக்குகின்றன. தசைகளை ஆட்டுவிக்கும் நரம்புச் செல்கள் மட்டும் ஒவ்வொன்றாக அழியும் ஒரு வியாதியைப் பாரிஸில் ஷார்கோ 1869-இல் விவரித்தார். அதில் தண்டுவடச் செல்களோடு, மேலே புறணியில் இருக்கும் பெட்ஸ் செல்களும் அழிகின்றன. பக்கத்து அறையில் இருக்கும் வேறு விலாசக்காரிகள் பெரும்பாலும் தப்பிக்கின்றன. நீண்ட இழை, ஓயாத துடிப்பு, அதற்காக எரிக்க வேண்டிய சக்தி: இத்தனை பாரம் சுமப்பவளுக்கு ஆபத்தும் அதிகம் என்று நினைக்க இடம் இருக்கிறது.

இந்த வியாதிக் குடும்பத்தில் ஒன்றுக்கு நம் ஊர்ப் பெயரே சூட்டியிருக்கிறார்கள். சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் 1950-இல் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவை ஆரம்பித்தவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. அவரும் டாக்டர் மீனாட்சிசுந்தரம், டாக்டர் ஜகந்நாதன் ஆகியோரும் 1970-இல் ஓர் அபூர்வ ரகத்தைப் பற்றி எழுதினார்கள். மேல்நாட்டில் நடுவயதைத் தாண்டியவர்களுக்கே பெரும்பாலும் வரும் இந்த வியாதி, இங்கே சில இளம் வயதினருக்கு வந்தது. கை கால் மெலிவதோடு முகமும் தொண்டையும் பலம் இழந்தன. பலருக்குக் காதும் மந்தமாயிற்று. ஆனால் மேல்நாட்டு ரகத்தைவிட மெதுவாக நகர்ந்தது. பலர் நெடுங்காலம் வாழ்ந்தார்கள். இதை உலக மருத்துவப் புத்தகங்கள் 'மெட்ராஸ்' வகை என்றே குறிப்பிடுகின்றன. பெருமைப்படத் தக்க பெயர் அல்லதான். ஆனால் நோயாளியைக் கூர்ந்து பார்த்து, 'இது அது அல்ல' என்று பிரித்துச் சொன்ன நம் டாக்டர்களின் கண்ணுக்குப் பெருமை உண்டு. இரண்டு வருஷமா, இருபது வருஷமா என்பது ஒரு குடும்பத்துக்குச் சின்ன வித்தியாசமா?

வீட்டில் செய்ய வேண்டியது

கடைசியாக, குடும்பப் பெண்மணிகள் ஞாபகத்தில் வைக்க வேண்டிய சில விஷயங்கள்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை திடீரென்று தொங்கிப் போவது, பேச்சுக் குழறுவது: இந்த மூன்றில் ஒன்று கண்டாலும் மணியைப் பாருங்கள். விளக்கெண்ணெய் தடவிப் பார்க்கலாம், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-க்குச் சொல்லி, ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்கள். ரத்தம் உறைந்து அடைத்ததுதான் என்று ஸ்கேனில் தெரிந்தால், அதைக் கரைக்கும் மருந்தை ஆரம்பத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் முதலில் கேட்பார். அதனால்தான் மணியைப் பார்க்கச் சொன்னேன். கணவாயில் ஒவ்வொரு நிமிஷமும் இழைகள் அறுந்துகொண்டிருக்கின்றன.

பிழைத்து எழுந்தவருக்கு முதல் மூன்று மாதப் பயிற்சி மிக முக்கியம். பிறகும் விட்டுவிடக் கூடாது. முன்னேற்றம் மெதுவாக வரும், ஆனால் வரும். பலம் வேறு, நுட்பம் வேறு என்பதை மறக்காமல் இரண்டுக்கும் தனித்தனியே வேலை கொடுங்கள். துணி பிழிவது ஒன்று. பட்டாணி உரிப்பது, ரவிக்கைக்குப் பித்தான் போடுவது, அரிசியில் கல் பொறுக்குவது இன்னொன்று. முதலாவது வந்துவிட்டது என்பதற்காக இரண்டாவது வராததை வீம்பு என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். 'பல்லைக் காட்டுங்கள்' என்று டாக்டர் சொன்னால் ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொள்ளும் சிலருக்கு, பேரக் குழந்தை ஏதாவது குறும்பு செய்யும்போது இரண்டு பக்கமும் மலர்ந்து சிரிப்பு வரும். கட்டளைக்குச் சிரிப்பது ஒரு வழி. தானாகச் சிரிப்பது வேறு வழி. ஒன்று அடைபட்டாலும் இன்னொன்று திறந்திருக்கிறது. அந்த வழியைத் திறந்து வைத்திருப்பதற்கு மருந்துச் சீட்டு வேண்டாம். வீட்டில் நாலு பேர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் போதும்.